எட்டாம் வகுப்பு மகள்: கல்லூரிக்காகப் பாடம் சாரா செயல்பாடுகளை எப்போது தொடங்குவது?

செம்பூர்வாசி:

மும்பைத் தமிழ்ப் பெற்றோர்களுக்கு வணக்கம். என் மகள் மாநில வாரியப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற சனிக்கிழமை வெளிநாட்டுக் கல்வி ஆலோசகர் ஒருவரை அழைத்துப் பள்ளியில் கூட்டம் நடத்தினார்கள். எட்டாம் வகுப்பிலேயே தொடங்காவிட்டால் நல்ல கல்லூரி கிடைக்காது, இப்போதே தாமதம்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். கையோடு நான்காண்டுத் திட்டம் ஒன்றையும் வைத்திருந்தார். குழந்தையின் பெயரில் ஒரு தொண்டு அமைப்பு, ஓர் ஆய்வுக் கட்டுரை, அச்சில் ஒரு புத்தகம் எல்லாம் அதில் அடக்கமாம். கட்டணம் எங்கள் ஓராண்டு வீட்டு வாடகையைத் தாண்டுகிறது. கூட்டம் முடிந்து வெளியே வந்த பெற்றோர் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

மகள் சின்ன வயதிலிருந்தே பரதம் கற்கிறாள். கணக்கென்றால் சாப்பாடு மறந்துவிடும். நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் எல்லாம் படம் வரைந்து வைத்திருப்பாள். வெளிநாடா, இங்கேயேவா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அவள் அப்பா, ஜேஇஇ பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதட்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்கிறார். கல்லூரிகள் உண்மையில் எந்த வகுப்பிலிருந்து இவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை.

முலுண்ட் மாணவன்:

அக்கா, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். நான் முலுண்டில் வளர்ந்து, ஜூனியர் காலேஜ் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) முடித்து, இப்போது அமெரிக்காவில் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த விண்ணப்பத்தை நானே நிரப்பியவன் என்பதால் சொல்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று 10 வரிசைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எந்தெந்த வகுப்பில் செய்தாய் என்று கேட்டு 9, 10, 11, 12 எனக் கட்டங்கள் இருக்கும். எட்டாம் வகுப்புக்குக் கட்டமே கிடையாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்பார்கள். என்ன செய்தாய் என்பதை விவரிக்க இடைவெளி உட்பட 150 எழுத்துகள்தான். ஆங்கிலத்தில் இரண்டு வரி கூடத் தேறாது.

இன்னொன்று. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் சுற்றுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கடைசி நாள். வழக்கமான சுற்று ஜனவரி தொடக்கத்தில் முடியும். ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முழுதாகக் கையில் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு ஜூன் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபர் வரைதான் கணக்கு. பன்னிரண்டில் அவசரமாகத் தொடங்கியது எதுவும் அந்த மணிக்கணக்கில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பத்து வரிசைகளையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி தனக்கென்று வைத்திருக்கும் விண்ணப்பத்தில் உனக்கு முக்கியமான நான்கைச் சொல் என்றுதான் கேட்கிறார்கள்.

டோம்பிவிலித் தந்தை:

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சகோதரி. ஜேஇஇயில் நடனத்துக்கு மதிப்பெண் உண்டா? நீட் தேர்வில் உண்டா? மகாராஷ்டிரத்தின் எம்ஹெச்டி-சிஇடியில் உண்டா? சட்டப் படிப்புக்கான கிளாட்டில்? எதிலும் இல்லை. இந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை மேலே வர ஒரே வழி மதிப்பெண்தான். நான் காலை 7.20 லோக்கலைப் பிடித்தால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது. என் மனைவிக்கும் அதே கதை. பையனை நீச்சலுக்கும் விவாத வகுப்புக்கும் யார் அழைத்துப் போவது? வீட்டில் ஆள், வாசலில் கார், கையில் பணம் இருப்பவர்களுக்கு வகுக்கப்பட்ட விளையாட்டு இது. நம் பிள்ளைகளை அதில் இழுத்துவிட்டு, பிறகு அவர்கள் பின்தங்கிவிட்டதாக நாமே வருந்துகிறோம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

மாட்டுங்கா ஆசிரியை:

நான் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். டோம்பிவிலித் தந்தையின் கோபம் எனக்குப் புரிகிறது. நுழைவுத் தேர்வுகளைப் பற்றி அவர் சொன்னது அப்படியே உண்மை. ஆனால் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தை இதுவரை யாரும் தொடவில்லை. எப்போது தொடங்குவது என்ற கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

மாநில வாரியப் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு ஆன்லைன் சேர்க்கை, புது ஜூனியர் காலேஜ், ஒரு பிரிவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள். பள்ளியின் அறிவியல் மன்றம், கூடைப்பந்து அணி, நாடகக் குழு எல்லாம் பத்தாம் வகுப்பு மார்ச் மாதத்தோடு அறுந்துபோகின்றன. புது இடத்தில் வேர் பிடிக்க ஓராண்டு ஆகும். அதற்குள் கோச்சிங் வகுப்பு நாளையே விழுங்கிவிடும். கல்லூரிகள் கேட்பதோ ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. நம் பிள்ளைகளுக்கு அந்த நான்காண்டு நடுவில் இரண்டாக வெட்டப்படுகிறது. ஒரே பள்ளியில் பன்னிரண்டு வரை படிக்கும் சிபிஎஸ்இ, ஐபி பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்த ஆலோசகர் காட்டும் மாதிரிகள் அவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை.

ஆகவே சகோதரி, பள்ளியை நம்பி நிற்காத ஒன்றை, வீட்டிலிருந்து நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய தூரத்தில், எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குழந்தை தானாகப் பிடித்துக்கொள்ளட்டும். நடன வகுப்பு, பேட்டை நூலகம், குடியிருப்பு சொசைட்டிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவது, எதுவானாலும் சரி. பள்ளி மாறினாலும் அது மாறக்கூடாது. எட்டாம் வகுப்பு நாலைந்தைத் தொட்டுப் பார்க்கும் ஆண்டு. ஒன்பதில் ஒன்றோ இரண்டோ தங்கினால் போதும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து ஜூனியர் காலேஜ் தொடங்கும் வரை கிடைக்கும் நீண்ட இடைவெளி பொன்னான காலம். பலர் அதை முழுக்க முன்தயாரிப்பு வகுப்புகளுக்குத் தாரை வார்த்துவிடுகிறார்கள்.

மாநில வாரியத்தில் படிப்பதால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மகாராஷ்டிர அரசின் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாவதில் தேறினால்தான் இரண்டாவது எழுதலாம். இண்டர்மீடியட்டில் ஏ கிரேடுக்கு 7, பி கிரேடுக்கு 5, சி கிரேடுக்கு 3 என எஸ்எஸ்சி எனும் பத்தாம் வகுப்புத் தேர்வு மதிப்பெண்ணோடு கூடுதலாகச் சேரும். சாஸ்திரியக் கலைகளுக்கும் விளையாட்டுக்கும் அதேபோல் உண்டு. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் நடக்கிறது. பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு ஓவியத் தேர்வுக்கு ஓடினால் காலம் போதாது. ஓவியத்தைப் பொறுத்தவரை உங்கள் மகளுக்கு எட்டாம் வகுப்பு சரியான நேரம்.

செம்பூர்வாசி:

டீச்சர், இந்த ‘நடுவில் வெட்டு’ விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லவில்லை. கணக்கில் ஆர்வம் உள்ள குழந்தைக்கு ஒலிம்பியாட் சரியா? அதற்கும் தனி கோச்சிங் வேண்டும் என்கிறார்களே?

மாட்டுங்கா ஆசிரியை:

ஒலிம்பியாட் என்ற பெயரில் பல தனியார் தேர்வுகள் பள்ளிக்குள் வருகின்றன. பதக்கமும் சான்றிதழும் தாராளமாகத் தருவார்கள். நான் சொல்வது அவற்றை அல்ல. உங்கள் செம்பூருக்குப் பக்கத்திலேயே மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. நாட்டின் கணித, அறிவியல் ஒலிம்பியாட்களுக்கு அதுதான் தலைமையிடம். கணிதத்தில் முதல் படி ஐஓக்யூஎம் தேர்வு. மூன்று மணி நேரம், 30 கேள்விகள், எட்டாம் வகுப்பிலிருந்து எழுதலாம். அடுத்து வட்டார அளவு, பிறகு தேசிய அளவு, பிறகு பயிற்சி முகாம். ஒன்பது, பத்தில் இருப்பவர்களுக்கு நவம்பரில் ஜூனியர் சயின்ஸ் தேர்வும் உண்டு.

ஆனால் இதை விண்ணப்பத்துக்காக எழுத வைக்காதீர்கள். ஒரே கணக்கோடு ஒரு மாலை முழுதும் மல்லுக்கட்டி, விடை வராவிட்டாலும் மறுநாள் அதையே எடுத்து வைத்துக்கொள்ளும் குழந்தைக்குத்தான் இது. உங்கள் மகள் அப்படியா என்று பாருங்கள். அப்படியென்றால் ஜேஇஇக்கும் இதுவே நல்ல அடித்தளம். அவள் அப்பாவுக்கும் மனம் குளிரும்.

சயான் நடன ஆசிரியை:

சேர்க்கை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு என்று படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. பரதமோ, பாட்டோ, மிருதங்கமோ ஒன்பதில் தொடங்கிப் பன்னிரண்டில் விண்ணப்பத்தில் எழுதும் சமாச்சாரம் அல்ல. அரைமண்டியில் கால் நிற்கவே ஆண்டுகள் பிடிக்கும்.

இப்போது பெற்றோர் என்னிடம் கேட்பது என்ன தெரியுமா? பத்தாம் வகுப்பு விடுமுறையில் அரங்கேற்றத்தை வைத்துவிடலாமா, விண்ணப்பத்தில் போடலாமே என்கிறார்கள். வர்ணம் என்ற நீண்ட உருப்படியை இறுதிவரை தாங்கும் மூச்சு அந்தப் பெண்ணுக்கு இன்னும் வரவில்லை என்று நான் சொன்னால், வேறு வகுப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். மண்டபம், வாத்தியக்காரர்கள், பட்டுப்புடவை, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் செலவழித்து மேடையேற்றிய பெண் அடுத்த மாதமே சலங்கையைக் கழற்றி வைத்துவிடுகிறாள். இதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

செம்பூர் அம்மா, உங்கள் மகள் இத்தனை வருடம் ஆடியிருக்கிறாள். அவளுக்கு விருப்பம் இருக்கும் வரை பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பாகக் குறைத்தாலும் நூல் அறாமல் இருக்கட்டும்.

முலுண்ட் மாணவன்:

நடன டீச்சர் சொல்வதற்குத் துணையாக ஒரு தகவல். இந்தியாவில் கலைக்கும் விளையாட்டுக்கும் கதவே இல்லை என்பது பழைய நிலைமை. ஐஐடி மெட்ராஸ் 2024-25 முதல் விளையாட்டில் சிறந்தவர்களுக்கு ஒவ்வொரு இளநிலைப் பாடப்பிரிவிலும் 2 கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கு. 2025-26 முதல் நுண்கலைக்கும் அதேபோல் தனிச் சேர்க்கை வந்துவிட்டது. ஆனால் இரண்டுக்குமே ஐஐடிகளுக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டிய பிறகுதான் கலையும் விளையாட்டும் பேசும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, கலை இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீதம் வரை இடம் உண்டு. அங்கே சான்றிதழோடு விடமாட்டார்கள், நேரில் ஆடியும் பாடியும் காட்டச் சொல்வார்கள். விடுமுறை அரங்கேற்றம் அங்கே நிற்காது.

தாராவி நூலகத் தன்னார்வலர்:

டோம்பிவிலி அண்ணன் சொன்ன ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். காரும் பணமும் இருப்பவர்களுக்கு வகுக்கப்பட்டது என்றார். பாதி உண்மை. மறுபாதியை எங்கள் வாசிப்பறையில் பார்த்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இங்கேயே உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கேட்டு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். செயல்பாடுகள் பகுதி வெறுமையாக இருந்தது. நான் எதுவும் செய்ததில்லையே அண்ணா என்றாள். அவள் வீட்டில் இட்லி வியாபாரம். விடியுமுன் அவித்து, அலுமினியத் தூக்குகளில் அடுக்கி, மாமன் மச்சான் என்று ஆளுக்கொரு ஸ்டேஷனுக்கும் தெருவுக்கும் கொண்டு போவார்கள். யார் எத்தனை இட்லி எடுத்துப் போனார், எவ்வளவு மீந்து வந்தது, அந்த வாரம் அரிசி என்ன விலை, உளுந்து என்ன விலை எல்லாம் நீளமான கோடு போட்ட நோட்டில் அவள் எழுதுவாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது அவள் பொறுப்பு. பக்கத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமைகளில் ஒரு ஸ்டேஷனில் மட்டும் மீதி அதிகம் வருவதைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். அதைக் காட்டி மாமாவிடம் பேசி, அந்த நாளுக்கு மாவைக் குறைக்கச் சொன்னதும் அவள்தான். சட்னிக்குத் தேங்காய் விலை ஏறிய மாதத்தில் கடலைப்பருப்பைக் கூட்டிய கணக்கு ஓரத்தில் இருந்தது.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வாரந்தோறும், விடுமுறையே இல்லாத வேலை. அதைத்தான் எழுத வைத்தோம். நேர்முகத்தில் பெரும்பகுதி அந்த நோட்டைப் பற்றியே கேட்டார்களாம். இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. ‘குடும்பப் பொறுப்பு’ என்றும் ‘ஊதியப் பணி’ என்றும் அமெரிக்க விண்ணப்பத்திலேயே தனி வகைகள் இருப்பதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பிள்ளை, இவர்கள் எல்லாரும் தாங்கள் எதுவும் செய்யவில்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல ஆள் வேண்டும்.

செம்பூர்வாசி:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அந்த ஆலோசகர் திட்டத்தில் குழந்தை பெயரில் தொண்டு அமைப்பு தொடங்கித் தருவதாகச் சொன்னார்களே, அதை இனி நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை. இங்கிலாந்தைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? என் நாத்தனார் அங்கே இருக்கிறார்.

மாஹிமிலிருந்து லண்டன்:

இங்கே கணக்கே வேறு. யூகாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக ஐந்து படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2026 சேர்க்கையிலிருந்து தன்விளக்கக் கட்டுரையை மூன்று கேள்விகளாக்கிவிட்டார்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்த பாடங்கள் அதற்கு எப்படித் தயார் செய்தன, வகுப்புக்கு வெளியே வேறு என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். மூன்றாவது கேள்வியிலும் அந்தப் பாடத்தோடு தொடர்புள்ளதைத்தான் பார்க்கிறார்கள். கணிதம் படிக்க விண்ணப்பிக்கும் பெண் பாடப்புத்தகத்துக்கு அப்பால் என்ன படித்தாள், எந்தக் கணக்கோடு போராடினாள் என்பதுதான் எடுபடும். பேச்சுப் போட்டிக் கோப்பைக்கு அதில் வேலையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி நாள். எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு இதில் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, நிறைய வாசிக்கட்டும்.

டோம்பிவிலித் தந்தை:

எல்லாவற்றையும் படித்தேன். தேர்வு பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பறவைகள் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கழிமுகப் பக்கம் போய்விடுவான். பூநாரை வரும் காலத்தில் தாணே கழிமுகத்துக்கு அழைத்துப் போகச் சொல்லி நச்சரிப்பான். பழைய டைரியில் தேதி போட்டு எழுதியும் வைக்கிறான். அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முலுண்ட் மாணவன்:

அண்ணா, தயவுசெய்து நிறுத்தாதீர்கள்! கட்டணம் இல்லை, கோச்சிங் இல்லை, பள்ளி மாறினாலும் பாதிக்காது. ஆசிரியை சொன்ன எல்லாமே அதில் இருக்கிறது. டைரியில் எழுதுவதை ‘ஈ-பேர்ட்’ தளத்திலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். அவன் பதிவு ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும். தாணே கழிமுகம் 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இப்படி ஓர் இடம் லோக்கல் ரயில் தூரத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம். கோட்டைப் பகுதியில் 1883-லிருந்து இயங்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இருக்கிறது. அவர்களுடைய இயற்கை நடைகளுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். பத்தாம் வகுப்பில் மாதம் ஒரு ஞாயிறு போதும்.

டோம்பிவிலித் தந்தை:

மாதம் ஒரு ஞாயிறு முடியும். நானே கூடப் போகிறேன். ஜேஇஇ எழுதுவான், அதில் மாற்றமில்லை.

மாட்டுங்கா ஆசிரியை:

இரண்டும் நடக்கட்டும் ஐயா. உங்கள் மகனுக்கும் செம்பூர் மகளுக்கும் சேர்த்து நடைமுறைக்கான சில விஷயங்கள். மாதத்துக்கொரு முறை என்ன செய்தோம், எத்தனை மணி நேரம், யாரோடு என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாண்டு கழித்து நினைவிலிருந்து எடுக்க முடியாது. சான்றிதழ்களின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், ஸ்கேன் செய்து வையுங்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தால் ஒன்பது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் விவரத்தைப் பள்ளியிலும் மற்ற இரண்டையும் ஜூனியர் காலேஜிலும் தனித்தனியாக வாங்க வேண்டிவரும். பள்ளியை விடும்போதே ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள். பிறகு அலையாமல் இருக்கலாம். பரிந்துரைக் கடிதமும் ஜூனியர் காலேஜில் பெரிய பாடு. கூட்டமான வகுப்பில் ஆசிரியருக்குப் பெயரே தெரியாது. பதினொன்றில் ஒரு பாட ஆசிரியரிடமாவது பிள்ளை சந்தேகம் கேட்டுப் பழக வேண்டும். சேர்க்கைக்காக மட்டும் சொல்லவில்லை, படிப்புக்கே அது தேவை.

செம்பூர்வாசி:

நன்றி டீச்சர். மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். எலிமெண்டரி ஓவியத் தேர்வுக்குப் பள்ளியில் பெயர் கொடுப்பதாகச் சொல்லிவிட்டாள். நடனத்தை நிறுத்தச் சொல்ல மாட்டீர்கள்தானே என்று இரண்டு தடவை கேட்டாள். ஆலோசகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஐஓக்யூஎம் கேள்விகள் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் அப்பாவுக்கே ஆவல் வந்துவிட்டது. எங்கே கிடைக்கும்?

மாட்டுங்கா ஆசிரியை:

ஹோமி பாபா மையத்தின் ஒலிம்பியாட் தளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலிலேயே முழுத் தாளையும் கொடுத்துப் பயமுறுத்த வேண்டாம். எண் கோட்பாடு, வடிவியல் இரண்டிலும் சுலபமான கேள்வி ஒவ்வொன்றை எடுத்துக் கொடுங்கள், கடிகாரத்தை வைக்காதீர்கள். அவள் போட்ட வழியை எழுதி இங்கே போடச் சொல்லுங்கள். விடை தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நான் பார்க்கிறேன்.